கழனி வேலைக் கணக்கு யார் கையில் இருக்க வேண்டும்? செயலியில் வேலை அட்டவணை போடும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

மத்திய அமைச்சரவை 2024 செப்டம்பர் 2 அன்று 2,817 கோடி ரூபாய் மதிப்பில் டிஜிட்டல் வேளாண்மை இயக்கத்துக்கு ஒப்புதல் அளித்தது. அதன் பிறகு நமது கிராமங்களில் இரண்டு வேலைகள் நடந்தன. 2024 நவம்பரில் வேளாண் கல்லூரி மாணவர்கள் கைபேசியுடன் வயல்களுக்கு வந்து மின்னணு பயிர் கணக்கெடுப்பு செய்தார்கள். 2025 தொடக்கத்தில் ஊர் ஊராக முகாம் போட்டு, ஆதாரையும் பட்டாவையும் இணைத்து விவசாயிகளுக்குத் தனித்துவ அடையாள எண் வழங்கப்பட்டது.

ஆக, நிலம் யாருடையது, விவசாயி யார், எந்த சர்வே எண்ணில் என்ன பயிர் என்ற மூன்றும் அரசின் கணினிக்குள் போகின்றன. உரம் வாங்கினால் அதுவும் கடையில் உள்ள பி.ஓ.எஸ். கருவியில் ஆதார் எண்ணோடு பதிவாகிறது. ஆனால் அந்த உரத்தை எந்தக் கழனியில், நடவு செய்த எத்தனையாவது நாளில், எவ்வளவு போட்டோம் என்பது எங்கும் பதிவாவதில்லை. சேடை ஓட்டியது, அண்டை வெட்டியது, களை எடுத்தது, மருந்து அடித்தது, அதற்குக் கொடுத்த கூலி எல்லாம் நமது நினைவில்தான் இருக்கின்றன. இந்தக் கணக்கை நாமே வைத்துக்கொள்வதற்குத்தான் பண்ணை மேலாண்மை மென்பொருள் உதவும்.

இதனால் என்ன லாபம்?

2024 நவம்பர் 30 இரவு கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலை திருவண்ணாமலை மாவட்ட விவசாயிகள் மறந்திருக்க மாட்டார்கள். 33 சதவீதமும் அதற்கு மேலும் சேதமான நெல் உள்ளிட்ட பாசனப் பயிர்களுக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய் நிவாரணம் என்று தமிழக அரசு அறிவித்தது. ஏக்கருக்குக் கணக்கிட்டால் ஏறக்குறைய 6,880 ரூபாய். 33 சதவீதம் என்ற அந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் உங்கள் வயல் நிற்கிறது என்பதை கணக்கெடுக்க வரும் அலுவலர்தான் முடிவு செய்வார். என்ன ரகம், எப்போது நடவு, எந்தப் பருவத்தில் தண்ணீர் நின்றது, எத்தனை நாள் நின்றது என்று அவர் கேட்கும்போது தேதியோடும் புகைப்படத்தோடும் பதில் சொல்பவரின் பேச்சுக்கு எடை அதிகம்.

அடுத்தது பயிர்க் காப்பீடு. நெல் வயலில் வெள்ளம் தேங்கி ஏற்படும் சேதத்தை, தனி விவசாயியின் வயல் அளவில் கணக்கிடும் இடர்களின் பட்டியலில் 2026 காரீப் பருவத்திலிருந்து மீண்டும் சேர்ப்பதாக மத்திய வேளாண் அமைச்சகம் 2025 நவம்பரில் அறிவித்தது. இதற்கு 72 மணி நேரத்துக்குள், இடக்குறியீடு உள்ள புகைப்படத்துடன் தகவல் கொடுக்க வேண்டும். மூன்று நாள் என்பது மழை விட்டு வயலுக்குள் இறங்குவதற்கே போய்விடும். அந்த நேரத்தில் சர்வே எண்ணையும் நடவுத் தேதியையும் தேடிக்கொண்டிருக்க முடியாது. உங்கள் பிர்க்காவுக்கும் பயிருக்கும் இது பொருந்துமா என்பதை பிரீமியம் கட்டும்போதே தெள்ளார் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒன்றை மறக்கக் கூடாது. சட்டப்படியான ஆவணம் கிராம நிர்வாக அலுவலரின் அடங்கல்தான். உங்கள் செயலியில் இருக்கும் குறிப்பு அதற்கு மாற்று ஆகாது. ஆனால் அடங்கலில் நெல்லுக்குப் பதில் தரிசு என்று பதிவாகியிருந்தால், திருத்தம் கேட்டு மனு கொடுக்க உங்களிடம் ஓர் ஆதாரம் இருக்கும்.

எந்தச் செயலி?

2018ஆம் ஆண்டு தமிழக அரசு தொடங்கிய உழவன் செயலி மானியம், சந்தை விலை, வானிலை, இயந்திர வாடகை போன்றவற்றுக்குப் பயன்படுகிறது. வேலை அட்டவணைக்கென்றே உருவான மென்பொருள்கள் வேறு. ஃபார்ம்ஓஎஸ் என்பது யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய திறந்த மென்பொருள். லைட்ஃபார்ம் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகம் உருவாக்கியது. அமெரிக்காவில் டிராக்டர் நிறுவனங்களே இத்தகைய மென்பொருள் தருகின்றன. பெயர்கள் வேறானாலும் அடிப்படை ஒன்றுதான். என்ன வேலை, எந்த வயலில், எந்தத் தேதியில், யார் செய்வது, எவ்வளவு பொருள், முடிந்ததா இல்லையா என்ற ஆறு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்.

இவற்றில் பல, ஒரே இடத்தில் நூற்றுக்கணக்கான ஏக்கர் வைத்திருப்பவரையும் அவருக்குக் கீழ் வேலை செய்பவர்களையும் மனதில் வைத்து உருவானவை. நமக்கோ ஏரிக்கரையில் அரை காணி, கிணத்து மேட்டில் முக்கால் ஏக்கர் என்று துண்டு துண்டாக இருக்கிறது. ஆகவே அதில் உள்ள எல்லாக் கட்டங்களையும் நிரப்ப வேண்டியதில்லை. நமக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும்.

அட்டவணை போடும் முறை

1. வயலுக்குப் பெயர் வையுங்கள். வீட்டில் எல்லாரும் சொல்லும் பெயரையே தமிழில் எழுதி, பக்கத்தில் சர்வே எண்ணையும் உட்பிரிவையும் சேருங்கள். "கிணத்து மேடு" என்று மட்டும் எழுதினால் அலுவலருக்குப் புரியாது. எண்ணை மட்டும் எழுதினால் வீட்டில் புரியாது.

2. தேதியை விட நாள் கணக்கு முக்கியம். நடவு அல்லது விதைப்பை முதல் நாளாக வைத்து மற்ற வேலைகளை அதிலிருந்து எண்ணுங்கள். ஆள் வராமல் நடவு ஐந்து நாள் தள்ளிப்போனால், களைக்கொல்லியும் மேலுரமும் ஐந்து நாள் தள்ளிப்போக வேண்டும். மாதத் தேதியாகப் போட்டு வைத்தால் செயலி தவறான நாளில் நினைவூட்டும்.

3. தவறினால் நஷ்டம் வரும் வேலைகளை முதலில் போடுங்கள். இறவை மல்லாட்டைக்கு (நிலக்கடலை) முதல் களை 20 முதல் 25ஆம் நாள். இரண்டாம் களையோடு ஜிப்சம் இட்டு மண் அணைப்பது 40 முதல் 45ஆம் நாள். ஜிப்சம் ஹெக்டேருக்கு 400 கிலோ, அதாவது ஏக்கருக்கு 160 கிலோ. 45 நாளுக்குப் பிறகு மண்ணைக் கிளறினால் இறங்கும் விழுதுகள் அறுந்து காய் குறையும். ஆகவே "ஜிப்சம் வாங்குவது" என்பதைத் தனி வேலையாக 35ஆம் நாளிலேயே போட்டுவிடுங்கள். நடவு நெல்லில் பியூட்டாகுளோர் போன்ற களைக்கொல்லியை நட்ட 3ஆம் நாள் போட வேண்டும். களை முளைத்த பிறகு போட்டால் பலன் இல்லை.

4. அளவை ஒரே அலகில் எழுதுங்கள். ஒரு முறை மூட்டை, ஒரு முறை கிலோ என்றால் பட்டம் முடிந்து கூட்டிப் பார்க்க முடியாது.

5. மருந்து அடித்தால் பெயர், அளவு, தேதி மூன்றையும் பதியுங்கள். டப்பாவில் அறுவடைக்கு முன் எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று இருப்பதைப் பார்த்து, அதற்குள் அறுவடை வேலை விழாதபடி வையுங்கள்.

6. வேலை முடிந்த அன்று மாலையே "முடிந்தது" என்று குறியுங்கள். வாரக் கடைசியில் மொத்தமாகப் போடும் கணக்கு பாதி ஊகமாகிவிடும். விதைப்பு, பூக்கும் பருவம், அறுவடை மூன்றிலும் ஒரு புகைப்படம் எடுத்து வையுங்கள்.

கவனிக்க வேண்டிய சிக்கல்கள்

தனித்துவ எண் பதிவு பட்டாவை வைத்தே நடந்தது. குத்தகைக்கும் வாரத்துக்கும் பயிர் செய்பவர்கள் பலர் அதற்கு வெளியே நிற்கிறார்கள். குத்தகைதாரர் பதிவுக்கு 1969ஆம் ஆண்டே தமிழகத்தில் சட்டம் வந்தது. இருந்தும் வாய்மொழிக் குத்தகைதான் அதிகம். அப்படிப் பயிர் செய்பவருக்கு, தான் செய்த வேலையின் தேதி வாரியான பதிவு மிகவும் தேவை. அது குத்தகை உரிமையைத் தராது. ஆனால் பயிர் வைத்தவர் யார் என்ற கேள்வி எழும்போது சொல்வதற்கு ஏதாவது கையில் இருக்கும்.

கூலிக் கணக்கையும் நேர்மையாக வையுங்கள். நடவும் களையும் பெரும்பாலும் பெண்கள் செய்யும் வேலை. எத்தனை பேர், என்ன கூலி என்று எழுதாவிட்டால் சாகுபடிச் செலவு குறைவாகத் தெரியும். வீட்டுப் பெண்களின் உழைப்பையும் ஆள் கணக்கில் சேருங்கள். நெல்லுக்கு விலை போதவில்லை என்று நாம் சொல்லும்போது, ஒரு மூட்டைக்கு எவ்வளவு செலவானது என்ற கேள்விக்கு இந்தக் கணக்குதான் பதில்.

தனியார் செயலி இலவசம் என்றால், உங்கள் விவரத்தை வைத்து விதை, உரம், கடன் விற்பவர்களுக்கு வழி செய்கிறதா என்று பாருங்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்தது. உங்கள் சம்மதத்தைத் திரும்பப் பெறவும், தரவை அழிக்கச் சொல்லவும் அதில் இடம் உண்டு. சேருவதற்கு முன் ஒன்றைச் சோதியுங்கள். போட்ட கணக்கை முழுவதும் தரவிறக்கம் செய்ய முடிகிறதா? முடியாது என்றால் அந்தச் செயலி வேண்டாம். கணக்கு பிள்ளையின் கைபேசியில் இருந்தால், அவர் வேலைக்கு வெளியூர் போகும்போது கணக்கும் கூடவே போய்விடும். கடவுச்சொல்லை வீட்டில் எழுதி வையுங்கள்.

வரும் பட்டத்தில் ஒரே ஒரு கழனிக்கு மட்டும், பத்து வேலைகளுக்கு மேல் போகாமல் அட்டவணை போட்டுப் பாருங்கள். கைபேசி ஒத்துவரவில்லை என்றால் நாற்பது பக்க நோட்டில் அதே ஆறு கேள்விகளை எழுதினாலும் பலன் உண்டு. அறுவடை முடிந்து செலவையும் விளைச்சலையும் கூட்டிப் பார்த்த பிறகு மற்ற கழனிகளையும் சேர்க்கலாம்.