பயிர் நிற்கும்போதே பாடம்

நம் நாட்டில் உழவர்களுக்கான பயிற்சி முகாம்கள் மிகுதியாக நடைபெறும் காலம் எது என்று கேட்டால், ஊரகக் கிளைகளில் பணியாற்றிய எவரும் தயங்காமல் விடை சொல்வர்: நிதியாண்டு முடிவதற்கு முந்தைய வாரங்கள். ஒதுக்கப்பட்ட தொகையை மார்ச் 31-க்குள் செலவிட்டாக வேண்டும். மண்டபம் அமர்த்தப்படும், ஒலிபெருக்கி வந்துவிடும், பதாகை கட்டப்படும், மதிய உணவும் குறைவின்றிப் பரிமாறப்படும். அதே வேளையில் தக்காணத்தின் மானாவாரி நிலங்களில் குளிர்காலச் சோளம் அறுவடையாகி, தாள்கட்டைகள் மட்டுமே நின்றுகொண்டிருக்கும். பயிரும் பூச்சியும் இல்லாத ஒரு மாதத்தில், பூச்சி மேலாண்மை பற்றிய சொற்பொழிவை மின்விசிறியின் கீழ் அமர்ந்து கேட்டுவிட்டு உழவர்கள் வீடு திரும்புவர். வருகைப் பதிவேடு மட்டும் நிறைந்திருக்கும்.

முகாம் நடத்துவோரைக் குறை கூறுவதற்காக இதனை எழுதவில்லை. அவர்களுக்கு வகுத்தளிக்கப்பட்ட நாட்காட்டி அத்தகையது. ஆயினும், வயது வந்தோருக்கான வேளாண் கல்வி நிதியாண்டை விட்டுப் பருவத்தைப் பின்பற்ற வேண்டும் என்பதும், அது மண்டபத்திலிருந்து வெளியேறி அதே ஊரில் ஒருவர் பயிரிட்டுப் பிழைக்கும் பண்ணைக்குச் செல்ல வேண்டும் என்பதும் நம் உறுதியான கருத்து. அங்கே பாடம் சொல்லும் உழவருக்கு உரிய ஊதியம் தரப்பட வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறோம்.

2018-ஆம் ஆண்டில் அமெரிக்கப் படைப்புழு கர்நாடகத்தின் மக்காச்சோள வயல்களில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சில நாள்களில் முட்டையிலிருந்து வெளிவரும் இளம்புழு இலையின் பச்சையத்தைச் சுரண்டித் தின்னும். இலையில் காகிதம் போன்ற வெண்ணிறத் திட்டுகள் தோன்றும். அந்த நிலையில் கண்டுகொண்டால் கட்டுப்படுத்துவது எளிது. வளர்ந்த புழுவோ குருத்துக்குள் புகுந்து, தன் எச்சத்தாலேயே வாயிலை அடைத்துக்கொள்ளும். அதன் பின் எத்தனை முறை மருந்து தெளித்தாலும் பெரும்பகுதி இலையில் வழிந்து வீணாகும். வெண்ணிறத் திட்டைக் கண்டறியும் கண் உழவருக்கு வாய்க்க வேண்டிய காலம் ஏறத்தாழ ஒரு வாரந்தான். அந்த வாரத்தில், அந்த வயலில் நடத்தப்படும் ஒரு மணி நேர வகுப்புக்கு ஈடாக, ஆறு மாதங்கள் கழித்துத் திரையில் காட்டப்படும் எந்தப் படமும் அமையாது. இடையிலுள்ள வேறுபாடு கல்வி முறை பற்றியது மட்டுமன்று. பயிர்க்கடனைத் திருப்பிச் செலுத்துவதா, தவணையைத் தள்ளிவைக்கக் கோரி விண்ணப்பம் எழுதுவதா என்பதும் அந்த ஒரு வாரத்தில் அடங்கியிருக்கக்கூடும்.

பருவத்தோடு நடக்கும் கல்விக்கு நல்ல முன்மாதிரி ஆசியாவிலேயே உண்டு. இந்தோனேசியாவின் நெல்வயல்களைப் புகையான் அழித்தபோது, மிகுதியான பூச்சிக்கொல்லியே அதற்குத் துணைபோனது என்பதை அறிவியலாளர் எடுத்துக்காட்டினர். புகையானைத் தின்னும் சிலந்திகளை மருந்து முதலில் கொன்றுவிட்டது. 1986-இல் அந்நாட்டு அரசு நெல்லுக்கு 57 பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்தது. ஆனால், பழகிய மருந்தை விடச் சொன்னால் உழவர் எதை நம்பி விடுவார்? அவ்வினாவுக்கு விடையாக 1989-இல் அங்கே தோன்றியதுதான் உழவர் வயல்வெளிப் பள்ளி. பின்னர் அது இந்தியாவுக்கும் வந்தது. மத்திய அரசின் ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மை மையங்கள் இங்கு நடத்தும் முறையில், சுமார் 30 உழவர்கள் வாரம் ஒரு முறையாக 14 வாரங்கள் ஒரே வயலில் கூடுவர். விதைப்பில் தொடங்கி அறுவடை வரை அவர்களுக்கு அதுவே வகுப்பறை.

அங்கு நடப்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். காலையில் சிறு குழுக்களாகப் பிரிந்து வயலில் இறங்குவர். ஒவ்வொரு குழுவும் சில செடிகளைத் தேர்ந்து, உயரம், தூர்கள், நோயுற்ற இலைகள், தீமை செய்யும் பூச்சிகள், நன்மை செய்யும் பூச்சிகள் ஆகியவற்றை எண்ணும். பின்னர் வரப்பில் அமர்ந்து அதனைப் பெரிய தாளில் வண்ணத்தில் வரையும். நடுவில் பயிர், ஒரு பக்கம் பகைவர், மறுபக்கம் நண்பர், மேலே வானிலை, கீழே மண்ணின் ஈரம். இறுதியில் குழுவில் ஒருவர் எழுந்து, இந்த வாரம் மருந்து தேவையா, இல்லையா என்று எல்லோர் முன்பும் வாதிட வேண்டும். எழுதப் படிக்க அறியாதவருக்கும் எண்ணத் தெரியும், வரையத் தெரியும், வாதிடவும் தெரியும். மண்டபத்தில் பின்வரிசையில் ஒடுங்கியிருப்பவர் இங்கே முன்வரிசைக்கு வந்துவிடுகிறார்.

பூச்சிக் காட்சிசாலை என்ற எளிய சோதனையும் அங்கு உண்டு. ஒரு தொட்டியில் நெற்பயிரை நட்டு, வலைத்துணியால் மூடி, உள்ளே பத்துப் புகையான்களையும் ஓர் ஓநாய்ச் சிலந்தியையும் விடுவர். சில நாள்கள் கழித்துத் துணியை விலக்கி, மீந்திருக்கும் புகையான்களை எண்ணுவர். சிலந்தியைக் கண்டாலே மருந்துக் கடைக்கு ஓடியவர், அதன் பின் அதனை வேறு விதமாகத்தான் பார்ப்பார். அவருக்குச் சான்று தந்தது அதிகாரியின் சொல் அன்று. அவர் தம் கண்களே. இருபது ஆண்டுகள் பயிரிட்டவரிடம் ஒரு புதிய செய்தியைச் சொல்வதில் ஓர் இங்கிதம் வேண்டும். வளர்ந்தவர்களுக்குக் கல்வி என்பது பெரும்பாலும் அவர்கள் ஏற்கெனவே நம்புவதை அவர்களே ஐயுறுவதற்கு ஒரு வாய்ப்பை உண்டாக்குவதுதான்.

இம்முறைக்குச் செலவு மிகுதி, 30 பேர் கற்றது மூன்றாவது தெருவுக்குப் பரவுவதில்லை என்ற விமரிசனம் பொருளியலாளரிடையே நெடுங்காலமாக உண்டு. அதில் உண்மை இல்லாமலில்லை. எண்ணிக் கற்பதை வாய்மொழியாகக் கடத்துவது கடினம். ஆனால் அதற்குத் தீர்வு, வகுப்பை ஒரு நாளாகச் சுருக்குவதன்று. மூன்றாவது தெருவிலும் ஒரு பண்ணையைத் தேர்ந்தெடுப்பதே. செலவிலும் ஒரு பகுதி வெளியூர் வல்லுநரின் பயணத்துக்கும் தங்கலுக்கும் போகிறது. உள்ளூரில் சிறந்து விளங்கும் உழவரையே ஆசிரியராக்கும் பண்ணைப் பள்ளி என்ற ஏற்பாடு அரசின் விரிவாக்கத் திட்டங்களில் ஏற்கெனவே இருக்கிறது. அதனைப் பெயரளவில் நடத்தாமல், பருவம் முழுவதும் நடத்தினால் போதும்.

செய்தே கற்பித்தல், செய்தே கற்றல் என்பது நமக்குப் புதிய கருத்தும் அன்று. உதயப்பூரில் 1931-இல் வித்யா பவன் பள்ளியை நிறுவிய கல்வியாளர் மோகன் சிங் மேத்தா தலைமையிலான குழுவின் சிந்தனையிலிருந்தே வேளாண் அறிவியல் நிலையங்கள் பிறந்தன. முதல் நிலையம் 1974-இல் புதுச்சேரியில் அமைந்தது. இன்று நாடு முழுவதும் 700-க்கும் மேற்பட்டவை இயங்குகின்றன. பெரும்பாலானவற்றுக்குச் சொந்தப் பண்ணை உண்டு. எனினும் அது நிலையத்தின் பண்ணை; அங்கே கடன் சுமை இல்லை, ஆள் பற்றாக்குறையால் களையெடுப்பு தள்ளிப்போகும் கவலையும் குறைவு. அண்டை வீட்டுக்காரரின் இரண்டு ஏக்கரில் விளைந்து காட்டியதைத்தான் ஊர் நம்பும்.

இனி, வகுப்புக்கு யார் அழைக்கப்படுகிறார் என்பதையும் பார்க்க வேண்டும். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, நாட்டின் வேளாண் கைப்பற்றுகளில் பெண்கள் பெயரில் நடப்பவை ஏறத்தாழ 14 விழுக்காடு மட்டுமே. அழைப்பு பட்டாவில் பெயருள்ளவருக்குப் போகிறது. விதையைச் சேமிப்பவர், நாற்று நடுபவர், களையெடுப்பவர், கறவை மாட்டின் நோயை முதலில் உணர்பவர் வீட்டிலேயே இருந்துவிடுகிறார். தாலுகா தலைநகரில் காலை பத்து மணிக்குத் தொடங்கும் முகாமுக்கு அவரால் எங்ஙனம் வர இயலும்? நடந்து செல்லும் தொலைவிலுள்ள பண்ணையில், சமையலும் பால் கறவையும் முடிந்த வேளையில், குழந்தையையும் உடன் அழைத்துவரலாம் என்ற சொல்லோடு நடத்தினால் அவர் வருவார். பண்ணை வகுப்பின் முதற்பயன் இதுவே என்று சொன்னாலும் மிகையாகாது.

வகுப்பு என்ற சொல்லையே விரும்பாதவர்களுக்கு விழாக்கள் இருக்கின்றன. தெலங்கானாவின் சாகிராபாத் பகுதியில், தக்காண வளர்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த சிறு நிலவுடைமைப் பெண்கள் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு விதைத் திருவிழாவை நடத்திவருகிறார்கள். மகர சங்கராந்தியை ஒட்டி அலங்கரிக்கப்பட்ட மாட்டுவண்டிகள் புறப்படும். வண்டிகளில் சோளம், தினை, சாமை, துவரை என மரபு விதைகள் இருக்கும். ஏறத்தாழ ஒரு மாத காலம் ஊர் ஊராகச் செல்லும் அவ்வண்டிகளை ஒவ்வோர் ஊரும் மேளத்தோடு வரவேற்கும். பிறகு அமர்ந்து, எந்த விதை எந்த மண்ணில் வறட்சியைத் தாங்கியது என்று பேசுவர். அறுவடை முடியும் தருவாயில், நினைவு பசுமையாக இருக்கும்போது நடக்கும் பேச்சு அது. இப்பெண்களின் விதைக் களஞ்சியத்தில் விதையைக் கடனாகப் பெற்றவர் விளைச்சலுக்குப் பின் வாங்கிய அளவைவிடக் கூடுதலாகத் திருப்பித் தருவர். வங்கித் தொழிலின் இலக்கணத்தை அவர்களுக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை.

மகாராட்டிரத்தில் நகரத்தாரையும் வயலுக்கு இழுக்கும் ஒரு வழக்கம் உண்டு. குளிர்காலத்தில் சோளக்கதிர் பால் பிடித்து, மணி இளம்பச்சையாக இருக்கும் சில வாரங்களில், கதிரைக் கொய்து வறட்டி நெருப்பில் வாட்டி, உள்ளங்கையில் தேய்த்து உதிர்த்துச் சூட்டோடு உண்பர். ஹுர்டா என்பது அதன் பெயர். வேர்க்கடலைச் சட்னியும் வெல்லமும் தயிரும் உடன் வரும். இதற்கென்றே குல்பேண்டி, சுர்த்தி போன்ற சோள வகைகளைப் பயிரிடுகிறார்கள். முன்பு உறவினர்க்கும் அண்டை அயலாருக்குமாக நடந்த இவ்விருந்துக்கு இன்று புனே, சோலாப்பூர் போன்ற நகரங்களிலிருந்து மக்கள் தலைக்கு இவ்வளவு என்று கட்டணம் செலுத்தி வருகிறார்கள். 2020-இல் அம்மாநில அரசு வேளாண் சுற்றுலாவுக்கெனத் தனிக் கொள்கையையே வகுத்தது. முற்றிய தானியமாக விற்பதைவிட உழவருக்கு இதில் வருவாய் கூடுதல். அதுவும் அறுவடைக்கு முன்பே கைக்கு வந்துவிடுகிறது.

சில இடங்களில் இது நீச்சல் குளமும் உரத்த திரைப்பாடலுமாகத் திரிந்துவிட்டதையும் நாம் காணாமலில்லை. அங்கே வயல் வெறும் திரைச்சீலையாகிவிடுகிறது. சோளம் எங்கிருந்தோ மூட்டையில் வந்து இறங்குகிறது. அத்தகைய இடத்துக்குச் செல்வதும் நகரத்துக் கேளிக்கைப் பூங்காவுக்குச் செல்வதும் ஒன்றே. நகரவாசியான வாசகர் ஒரு பண்ணை நிகழ்வைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம்: இந்த மாதம் உங்கள் வயலில் என்ன நிற்கிறது? தயக்கமின்றி விடை வந்தால் செல்லுங்கள். ஆண்டு முழுவதும் எல்லாம் கிடைக்கும் என்றால் வேறிடம் பாருங்கள். சென்றபின், கட்டணத்தில் பேரம் பேச வேண்டாம். மாடித்தோட்டம் அமைக்கக் கற்றுத்தரும் நகரத்துப் பயிற்றுநருக்குச் செலுத்தும் தொகையை, மூன்று தலைமுறையாகச் சோளம் விளைவிப்பவருக்கு மறுப்பது எந்த நியாயத்தில் சேரும்?

வங்கியின் இதழில் எழுதுவதால் வங்கிகளின் பொறுப்பையும் பேசியாக வேண்டும். 1982-இல் கர்நாடகத்தின் உஜிரேயில், தர்மஸ்தலத்தின் அறநிறுவனமும் இரு வங்கிகளும் சேர்ந்து தொடங்கிய பயிற்சி நிலையமே, பின்னர் மாவட்டந்தோறும் வங்கிகள் நடத்தும் ஊரகச் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனங்களுக்கு முன்னோடியானது. பயிற்சிக்குப் பின் இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து வழிகாட்டுதல் என்பது அம்முறையின் சிறப்பு. அந்த இரண்டு ஆண்டுகளைப் பருவத்தோடு பொருத்த வேண்டும் என்கிறோம். தேனீ வளர்ப்பை எடுத்துக்கொள்வோம். இராசத்தானில் கடுகு பூக்கும் குளிர்காலத்தில் பயிற்சி பெறுபவருக்குப் பெட்டிகள் நிறைந்திருப்பதே கண்ணில் படும், தொழில் எளிது என்று தோன்றும், கடனும் கேட்பார். மழைக்காலத்தில் பூ இல்லாதபோது சர்க்கரைப் பாகு ஊட்டிக் கூட்டத்தைக் காப்பது எங்ஙனம் என்பதை அவர் பார்த்திருக்க மாட்டார். பெட்டிகள் காலியாவது அப்போதுதான். குளிர்காலத்தில் ஒரு வாரமும், மழைக்காலத்தில் சில நாள்களும், பெட்டி வைத்திருக்கும் ஒருவரின் தோட்டத்திலேயே கற்றவருக்குத் தரும் கடன் பாதுகாப்பானது.

உழவர் கடன் அட்டையில் கடன் வரம்பைக் கணக்கிடும்போது, பயிர்ச் செலவோடு வீட்டுத் தேவைக்கும் அறுவடைக்குப் பிந்தைய செலவுக்கும் 10 விழுக்காடும், பண்ணைச் சொத்துகளின் பராமரிப்புக்கு 20 விழுக்காடும் சேர்க்கப்படுகின்றன. குழாய்க் கிணற்றின் மோட்டாரைப் பழுதுபார்க்க இடம் தந்த அக்கணக்கில், உழவரின் அறிவைப் பழுதுபார்க்கத் தனி வரி இல்லை. ஒரு பருவ வகுப்புக்கு ஆகும் சிறு தொகையை அதில் சேர்ப்பது வங்கிகளுக்கு அரிதான செயலன்று.

அதற்கு விதிகள் மாறக் காலம் ஆகலாம். கிளை அளவில் உடனே செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. காரீப் பருவத்துக்கு முன்பு கிளைகள் நடத்தும் கடன் முகாமை, இவ்வாண்டு மண்டபத்தில் நடத்தாமல், ஒழுங்காகத் தவணை செலுத்திவரும் ஒரு வாடிக்கையாளரின் பண்ணையில், பெண்களும் வரத்தக்க மாலை வேளையில் நடத்தலாம். மண்டப வாடகையை அவருக்கே தரலாம். அதே முப்பது பேரைச் சூலையில் களையெடுப்பின்போதும், ஆகஸ்டில் பூச்சி தோன்றும்போதும், அக்டோபரில் அறுவடையின்போதும் அங்கேயே மீண்டும் கூட்டலாம்.