நோவு நம்ம எல்லாருக்கும் ஒண்ணு, 'வலி' அப்படி இல்லீங்க

1/ கோயம்புத்தூர்ல ஏதாவது ஒரு பெரிய ஆஸ்பத்திரி ஓபி வரிசையில கொஞ்ச நேரம் உக்காந்து காதைத் தீட்டிக் கேளுங்க. "தலை நோவுதுங்க", "தலெ நோவு", "தல நொப்பி", "தலவேதன". தமிழ், கன்னடம், தெலுங்கு, மலையாளம்னு நாலு மொழி. தொந்தரவு என்னவோ ஒண்ணுதான். இன்னைக்கு இந்தச் சொற்களைப் பத்திக் கொஞ்சம் பேசுவோம். விளையாட்டா ஆரம்பிச்சாலும் உயிர் சம்பந்தப்பட்ட விசயம்.

2/ நம்ம ஊருக்கு ஏன் நாலு மொழி? வாளையார் தாண்டினா கேரளா. தாளவாடிப் பக்கம் போனா கன்னடம். கொள்ளேகால் வட்டமே 1956 வரைக்கும் கோயம்புத்தூர் மாவட்டத்துலதான் இருந்துச்சு. வெளியில கொங்குத் தமிழும் வீட்டுக்குள்ள தெலுங்கோ கன்னடமோ பேசுற குடும்பங்கள் இங்க தலைமுறை தலைமுறையா இருக்காங்க.

3/ 'நோ' என்பது இந்த நாலு மொழிக்கும் பொதுவான வேர். தமிழ்ல நோ, நோவு, நோய். கன்னடத்துல நோவு. தெலுங்குல நொப்பி. மலையாளத்துல அன்றாடப் பேச்சில் 'வேதன' முந்திக்கிட்டாலும், பிரசவ வலிக்கு 'பேற்றுநோவு' இன்னும் இருக்கு. கொங்குப் பாட்டி "காலு நோவுது சாமி"ன்னா அது பட்டிக்காட்டுப் பேச்சு இல்லை. நாலு மொழியும் காப்பாத்தி வச்சிருக்கிற பூர்வீகச் சொத்து.

4/ இந்த மொழிகள் எல்லாம் ஒரே குடும்பம்னு 1816-லயே எழுதினவர் சென்னையில் கலெக்டரா இருந்த எல்லிஸ். 1856-ல் கால்டுவெல் அதை விரிவான இலக்கணமாவே எழுதினார். 'எது தாய், எது பிள்ளை'ன்னு இன்னும் நாம சண்டை போட்டுட்டு இருக்கோம். நோவு யாரும் யாருக்கும் கடன் கொடுத்த சொல் இல்லைங்க. பங்காளிகளுக்குப் பொதுவா வந்தது.

5/ பொதுச் சொத்தா இருந்தாலும் அவங்கவங்க வீட்ல பொருள் மாறும். தமிழ்ல 'நோய்' வியாதி ஆயிடுச்சு. குறள்ல 'மருந்து' அதிகாரத்துல நோய்னா வியாதி. காமத்துப்பாலுக்குப் போனா அதே சொல் பிரிஞ்சிருக்கிறவங்க ஏக்கம்.

6/ இது நமக்கு மட்டும் நடக்கிறது இல்லை. ரஷ்யாவுக்கு எம்பிபிஎஸ் படிக்கப் போன பிள்ளைகளைக் கேளுங்க. அங்க 'போல்'னா வலி. 'பல்னோய்'னா நோயாளி. நம்ம காதுக்குப் பல் நோய் மாதிரி கேட்கும், அது தற்செயல். ஆனா 'ஜிவோத்'னு ஒரு சொல் இருக்கு. செர்பியாவுல அதுக்கு வாழ்க்கைன்னு அர்த்தம், ரஷ்யாவுல வயிறு. இது தற்செயல் இல்லை, ஒரே சொல்தான். சொந்தக்காரச் சொல்லே ஆளை ஏமாத்தும்.

7/ நம்ம ஊர்ல அப்படி ஏமாத்துற சொல் 'வலி'. தமிழ்ல வலின்னா வேதனை, வலிமைன்னா பலம், வலிப்புன்னா ஃபிட்ஸ். மலையாளத்துல 'வலி'ன்னா இழுக்கிறது. பீடி குடிக்கிறதுக்கும் அதான். 'வலிவு'ன்னா ஆஸ்துமா, மூச்சு இழுப்பு. வலிவு, வலிப்பு. ஒரு எழுத்து வித்தியாசம்.

8/ பாலக்காட்டுல இருந்து வந்த ஒரு அம்மா "சின்ன வயசுல எனக்கு வலிவு இருந்துச்சு"ன்னு சொல்றாங்கன்னு வைங்க. கேட்கிறவர் 'வலிப்பு'ன்னு எழுதிடறார். ஆஸ்துமா கேஸ் ஷீட்ல இருந்து காணாமப் போச்சு. நாளைக்கே ஒற்றைத் தலைவலிக்கோ படபடப்புக்கோ ப்ரொப்ரனலால் எழுதுவோம். ஆஸ்துமா இருக்கிறவங்களுக்கு அந்த மாத்திரை மூச்சுக்குழலைச் சுருக்கிடும். உயிருக்கே ஆபத்தாகலாம்.

9/ பாலக்காடு வரைக்கும் எதுக்கு? நம்ம தமிழ்லயே 'இழுப்பு'ன்னா ஒருத்தர் வீசிங்கைச் சொல்வார், இன்னொருத்தர் குழந்தைக்கு வந்த ஜன்னியைச் சொல்வார். ஃபோன்ல "புள்ளைக்கு இழுத்துருச்சுங்க"ன்னா, எது இழுத்துச்சுன்னு கேட்காம அடுத்த வார்த்தை பேசக் கூடாது.

10/ என் கருத்து இதுதான். நோயாளி சொன்ன சொல்லை அப்படியே மேற்கோள் குறிக்குள்ள எழுதணும். பக்கத்துல மருத்துவப் பெயரை எழுதிக்கலாம். கம்ப்யூட்டர்ல 'பெயின்'னு ஒரே ஒரு பட்டன் வச்சிட்டு குத்துது, கடுக்குது, காந்துது, கொடையுது, பிசையுது எல்லாத்தையும் அதுக்குள்ள திணிக்கிறோம். காந்துறது நரம்பா இருக்கலாம். பிசையுறது நெஞ்சுல வந்தா மாரடைப்பா இருக்கலாம். பாதி நோய்க்கணிப்பு அந்தச் சொல்லுலயே இருக்கு.

11/ "இதுக்கெல்லாம் நேரம் ஏது டாக்டர்?"னு சக மருத்துவர்கள் கேட்பீங்க. நியாயம்தான், ஓபி கூட்டம் எனக்கும் தெரியும். ஆனா "அப்படின்னா என்ன ஆகும்னு சொல்லுங்க"ன்னு கேட்கப் பத்து விநாடி போதும். தப்பா எழுதின பழைய வியாதி அந்த ஃபைல்ல வருஷக்கணக்கா உக்காந்திருக்கும்.

12/ படிக்கிற உங்களுக்கு மூணு வேண்டுகோள். டாக்டர் முன்னாடி இங்கிலீஷ் தேடாதீங்க, வீட்ல சொல்ற மாதிரியே சொல்லுங்க. வியாதிப் பேரை மட்டும் சொல்லாம நடந்ததைச் சொல்லுங்க: கை கால் வெட்டுச்சா, நெஞ்சுல விசில் மாதிரி சத்தம் வந்துச்சா, நினைவு இருந்துச்சா. பாட்டியைக் கூட்டிட்டு வந்தா பாட்டியைப் பேச விடுங்க. "அது பெயின் டாக்டர்"னு நீங்க மொழிபெயர்க்காதீங்க.

13/ எங்க வேலை மருந்து எழுதுறது மட்டும் இல்லை, கேட்கிறதும்தான். உங்க வீட்ல, உங்க ஊர்ப்பக்கம் நோவுக்கு என்னென்ன சொல்வாங்க? அது எந்த மாதிரி நோவுங்கிறதையும் சேர்த்துக் கீழ எழுதுங்க. எனக்கும் என்கிட்ட படிக்கிற பிள்ளைகளுக்கும் அது பாடம்.