பங்காளிச் சண்டையை விற்றவர்கள்

2024 அக்டோபர் 19. லாஸ் ஏஞ்சலஸின் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழக டீம் விமானம் ஏறி, ஏறக்குறைய 4,000 கிலோமீட்டர் பறந்து, நியூ ஜெர்சியில் இருக்கும் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தோடு மோதி, 35-32 என்று ஜெயித்துத் திரும்பியது. ஏதோ கோப்பைக்கான இறுதி ஆட்டம் என்று நினைத்தால் தப்பு. சாதாரண லீக் ஆட்டம்தான். இரண்டும் 'பிக் டென்' என்ற ஒரே அமைப்பைச் சேர்ந்தவை. டென் என்றால் பத்துதானே? அதில் இப்போது 18 பல்கலைக்கழகங்கள். 'பிக் 12' என்ற அமைப்பில் 16. 'அட்லாண்டிக் கோஸ்ட்' என்று பெயர் வைத்துக்கொண்ட அமைப்பில், பசிபிக் பக்கத்து ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் 2024 முதல் உறுப்பினர்கள். எண்ணும் உதைக்கிறது, பூகோளமும் உதைக்கிறது. இத்தனைக்கும் இவை எல்லாம் பல்கலைக்கழகங்கள்!

ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சின்ன விளக்கம். அமெரிக்கர்கள் ஃபுட்பால் என்று சொல்வது, பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடும் முரட்டு ஆட்டம். அதில் கல்லூரி ஆட்டத்துக்குத் தனி மவுசு. மிச்சிகன், ஒஹையோ ஸ்டேட் போன்ற இடங்களில் மைதானத்துக்கு லட்சம் இருக்கைகளுக்கு மேல். இந்தக் கல்லூரிகள் குழுக்குழுவாகச் சேர்ந்து தங்களுக்குள் ஆடிக்கொள்ளும் கூட்டமைப்புக்குக் கான்ஃபரன்ஸ் என்று பெயர். ஆரம்பத்தில் இதற்கு ஒரே அளவுகோல்தான்: பக்கத்து ஊராக இருக்க வேண்டும். ரயிலில் போய் ஆடிவிட்டுத் திரும்பும் தூரம்.

அந்தப் பக்கத்து ஊர் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. தெரியாதவனிடம் தோற்றால் அன்றைக்கு ராத்திரியோடு மறந்துபோகும். பங்காளியிடம் தோற்றால் வருடம் முழுக்க வலிக்கும். ஏனென்றால் ஜெயித்தவன் அதே ஆபீஸில் அடுத்த மேஜையில் உட்கார்ந்திருப்பான், இல்லையென்றால் மச்சானாகவே இருப்பான். அமெரிக்கக் கல்லூரி ரசிகனின் விசுவாசம் என்று சொல்லப்படுவதில் பாதி சொந்தக் கல்லூரி மீதான பாசம், மீதிப் பாதி பக்கத்துக் கல்லூரி மீதான பகை. இரண்டில் ஒன்றை எடுத்துவிட்டால் மற்றது நிற்காது.

இது ஒரு கூட்டுச் சொத்து. கூட்டுப் பட்டா நிலம் மாதிரி. அதை ஒரு பங்காளி மட்டும் கையெழுத்துப் போட்டு, முழுசாக விற்றுவிட்டான். அதுதான் 'ரீஅலைன்மென்ட்' என்று கௌரவமாக அழைக்கப்படுகிற விவகாரத்தின் சாரம்.

எப்படி விற்றார்கள்?

1984 வரை எந்த ஆட்டத்தை டி.வி.யில் காட்டலாம், எத்தனை முறை காட்டலாம் என்பதை என்.சி.ஏ.ஏ. என்ற தேசிய அமைப்பே முடிவு செய்தது. ஓக்லஹோமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்கள் வழக்குப் போட்டன. 1984 ஜூனில் உச்ச நீதிமன்றம், இது போட்டியைத் தடுக்கும் ஏகபோகம் என்று 7-2 என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னது. மாற்றுக் கருத்துச் சொன்ன இருவரில் ஒருவர் நீதிபதி பைரன் வைட். அவர் கொலராடோ பல்கலைக்கழகத்தில் இதே ஆட்டத்தை ஆடிப் பெயர் வாங்கியவர். காசு மட்டுமே கண்ணாக இருந்தால் கல்லூரி ஆட்டம் கல்லூரி ஆட்டமாக இருக்காது என்று அவர் கவலைப்பட்டார். (அவருடைய கொலராடோ 2011-ல் பிக் 12-ஐ விட்டு பசிபிக் பக்கம் போய், 2024-ல் மறுபடி பிக் 12-க்கே வந்து சேர்ந்தது தனிக்கதை.)

அன்றிலிருந்து ஒவ்வொரு கான்ஃபரன்ஸும் தனித்தனிக் கடை. 1914-ல் தொடங்கிய சவுத்வெஸ்ட் கான்ஃபரன்ஸ் 1996-ல் மூடப்பட்டது. டெக்ஸஸ், டெக்ஸஸ் ஏ அண்ட் எம், பேய்லர், டெக்ஸஸ் டெக் என்ற நாலு பேர் புதிதாக உருவான பிக் 12-க்குப் போக, ரைஸும் எஸ்.எம்.யு.வும் டி.சி.யு.வும் ஹூஸ்டனும் தெருவில் நின்றன.

2014-ல் ரட்கர்ஸையும் மேரிலாந்தையும் பிக் டென் சேர்த்துக்கொண்டது அவர்களின் ஆட்டத் திறமைக்காக அல்ல. ரட்கர்ஸ் இருப்பது நியூயார்க் பக்கத்தில், மேரிலாந்து இருப்பது வாஷிங்டன் பக்கத்தில். பிக் டென்னுக்குச் சொந்த கேபிள் சேனல் உண்டு. உள்ளூர்க் கல்லூரி உறுப்பினராகிவிட்டால் அந்த வட்டாரத்துக் கேபிள் வீடுகளில் எல்லாம் கூடுதல் கட்டணம் வசூலிக்கலாம், பார்த்தாலும் பார்க்காவிட்டாலும். அதாவது அங்கே வாங்கப்பட்டது ரசிகன் அல்ல, கேபிள் இணைப்பு. இன்றைக்கு அமெரிக்கர்கள் கூட்டம் கூட்டமாகக் கேபிளை வெட்டிவிட்டுப் போகிறார்கள். கணக்குப் போட்ட வியாபாரமே கரைகிறது. அதற்காக மாற்றி வரைந்த வரைபடம் மட்டும் அப்படியே இருக்கிறது.

இரண்டு பேர் மட்டும் மிச்சம்

2022 ஜூன் 30 அன்று யு.எஸ்.சி.யும் யு.சி.எல்.ஏ.வும் பிக் டென்னுக்குப் போவதாக அறிவித்தன. அதே ஆகஸ்டில் பிக் டென் ஃபாக்ஸ், சி.பி.எஸ்., என்.பி.சி. மூன்றோடும் ஏழு வருடத்துக்கு 700 கோடி டாலருக்கு மேல் ஒப்பந்தம் போட்டது. 2023 ஜூலை கடைசியில் கொலராடோ கிளம்பியது. ஆகஸ்ட் 4 அன்று ஒரே நாளில் ஓரிகான், வாஷிங்டன், அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா என்று ஐந்து பேர் நடையைக் கட்டினார்கள். செப்டம்பர் 1 அன்று ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும். 1915-ல் வேர்விட்ட பசிபிக் கூட்டமைப்பில், பன்னிரண்டு பேரில் மிச்சம் இரண்டே பேர்: ஓரிகான் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட்.

இந்த வாஷிங்டன் ஸ்டேட் ரசிகர்களைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். கல்லூரி இருப்பது புல்மன் என்ற சிற்றூரில். ஊரின் ஜனத்தொகையும் மைதானத்தின் இருக்கைகளும் ஏறக்குறைய ஒன்று, இரண்டும் சுமார் 33,000. ஈ.எஸ்.பி.என். சேனல் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஏதாவது ஒரு கல்லூரியிலிருந்து 'காலேஜ் கேம்டே' என்ற நிகழ்ச்சியை நேரலையாக நடத்தும். 2003 அக்டோபரில் டெக்ஸஸ் மாநிலத்து ஆஸ்டினில் நடந்த நிகழ்ச்சியில் இந்தக் கல்லூரியின் பழைய மாணவர் ஒருவர் கல்லூரிக் கொடியைத் தூக்கிப் பிடித்தார். அதன்பின் எந்த ஊரில் நிகழ்ச்சி நடந்தாலும், தங்கள் டீமுக்கும் அந்த ஊருக்கும் சம்பந்தமே இல்லாவிட்டாலும், யாராவது ஒரு வாஷிங்டன் ஸ்டேட் ஆள் விடிவதற்கு முன்பே போய் அந்தக் கொடியை ஆட்டிக்கொண்டிருப்பார். இருபது வருடத்துக்கு மேலாக இது நடக்கிறது. கொடி தபாலில் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகும். சம்பளம் கிடையாது.

இதைவிடப் பெரிய விசுவாசத்தை எந்த டிக்கெட் கவுண்டரில் போய்த் தேடுவது? ஆனால் சேனல்கள் போட்ட கணக்கில் புல்மன் என்பது ஒரு சின்னச் சந்தை. அவ்வளவுதான். கொடி பிடித்தவனுக்குக் கடைசியில் கிடைத்தது கதவடைப்பு. அந்த இரண்டு கல்லூரிகளும் நீதிமன்றம் போய் அமைப்பின் நிர்வாகத்தை மீட்டு, 2026-க்கு என்று பாய்ஸி ஸ்டேட், ஃப்ரெஸ்னோ ஸ்டேட் போன்றவர்களைச் சேர்த்து வீட்டைத் திரும்பக் கட்டின. மெச்ச வேண்டிய காரியம்தான். ஆனாலும் பங்காளிகள் போனது போனதுதான்.

வாஷிங்டனும் வாஷிங்டன் ஸ்டேட்டும் 1900 முதல் மோதிவரும் ஆட்டத்துக்கு 'ஆப்பிள் கப்' என்று பெயர். வழக்கமாக நவம்பர் கடைசியில், பருவத்தின் உச்சத்தில் நடக்கும். அதில் ஜெயித்தால் எதிராளியின் வருடத்தையே பாழாக்கலாம், அதுதான் ருசி. 2024-ல் அது செப்டம்பர் 14-க்குத் தள்ளப்பட்டது. வாஷிங்டன் ஸ்டேட் 24-19 என்று ஜெயித்தது. சந்தோஷம்தான், ஆனால் லீக் புள்ளிப் பட்டியலில் அந்த வெற்றிக்கு மதிப்பு ஏதும் இல்லை. தீபாவளியைப் புரட்டாசியில் கொண்டாடச் சொன்னால் பட்டாசு வெடிக்கத்தான் செய்யும். அது தீபாவளி ஆகிவிடுமா?

நஷ்ட ஈடு யாருக்கு?

இந்த வியாபாரத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு இல்லாமல் இல்லை. ஒப்பந்தம் முடியும் முன்பே, 2024-ல் கிளம்ப வேண்டி, டெக்ஸஸும் ஓக்லஹோமாவும் சேர்ந்து பிக் 12-க்கு 10 கோடி டாலர் கொடுக்கச் சம்மதித்தன. யு.சி.எல்.ஏ. போனதால் பெர்க்லிக்கு நஷ்டம் என்று, இரண்டுக்கும் பொதுவான ஆட்சிக் குழு யு.சி.எல்.ஏ.வை வருடத்துக்கு 1 கோடி டாலர் கட்டச் சொன்னது. ஆக, கூட்டுச் சொத்தை விற்றால் மற்றப் பங்குதாரருக்கு நஷ்டம் என்பதை அவர்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அதற்கு ரேட்டும் போட்டிருக்கிறார்கள்.

அந்தப் பட்டியலில் ரசிகன் எங்கே? இல்லை. நூறு வருடம் அந்தப் பகையை உரம் போட்டு வளர்த்தவன் அவன். டிக்கெட் வாங்கினவன், நல்ல இருக்கைக்காக நன்கொடை என்ற பெயரில் தனியாக அழுதவன், பிள்ளைக்கு மூன்று வயதிலேயே அந்த நிறச் சட்டையைப் போட்டுவிட்டவன் எல்லாம் அவன்தான். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்தவர்களிடம் கணக்கு கேட்டால், கடைக்காரன் பெயரே ஏட்டில் இல்லை!

"ரசிகன் இன்னும் வருகிறானே?"

இதுதான் எதிர்த்தரப்பின் பெரிய வாதம். உதாரணத்துக்கு நெப்ராஸ்காவைக் காட்டுவார்கள். ஓக்லஹோமா போன்ற பழைய பகையாளிகளை விட்டுவிட்டு 2011-ல் பிக் டென்னுக்குப் போன டீம். 1999-க்குப் பிறகு எந்த கான்ஃபரன்ஸ் பட்டமும் இல்லை. ஆனாலும் 1962 முதல் உள்ளூர் ஆட்டம் ஒவ்வொன்றும் ஹவுஸ்ஃபுல் என்பது அவர்கள் கணக்கு. பாருங்கள், ரசிகன் எங்கேயும் போகவில்லை, என்ன கெட்டுப்போயிற்று என்கிறார்கள்.

பி.காம். முதல் வருடப் பொருளாதாரப் பாடத்திலேயே இதற்குப் பதில் இருக்கிறது. விலை எவ்வளவு ஏறினாலும் வாங்குவதை நிறுத்த முடியாத பொருளுக்கு நெகிழ்ச்சியற்ற தேவை என்று பெயர். உப்பு அப்படி, உயிர் காக்கும் மருந்து அப்படி. மருந்து விலையைப் பத்து மடங்கு ஏற்றிவிட்டு, "நோயாளி இன்னும் வாங்குகிறானே, அப்படியானால் திருப்தியாகத்தானே இருக்கிறான்" என்று ஒரு கம்பெனி சொன்னால் சிரிப்பார்களா, மாட்டார்களா? ரசிகன் டீமை மாற்ற மாட்டான் என்பது அவன் சம்மதத்துக்கு அத்தாட்சி இல்லை. அவன் மாற்ற மாட்டான் என்று தெரிந்துதான் அவன் தலையில் கை வைக்கிறார்கள்.

இன்னொரு வாதம்: 1894-ல் ஆரம்பித்த டெக்ஸஸ் - ஏ அண்ட் எம் மோதல் 2024-ல் திரும்ப வந்ததே, அதுவும் ரீஅலைன்மென்ட் தந்த வரம்தானே? வந்தது, உண்மை. ஆனால் 2011-ல் அது நின்றுபோனது எதனால்? ஏ அண்ட் எம் எஸ்.இ.சி.க்குப் போனதால். அதுவும் இதே ரீஅலைன்மென்ட்தான். நடுவில் பதின்மூன்று வருடம். அந்தப் பதின்மூன்று வருடமும் ஏ அண்ட் எம் ரசிகர்கள் டெக்ஸஸுக்கு எதிரான வரிகள் உள்ள தங்கள் போர்ப்பாட்டை, எதிரே டெக்ஸஸே இல்லாத மைதானத்தில் பாடிக்கொண்டிருந்தார்கள். வீட்டு அண்டாவைத் தூக்கிக்கொண்டு போய், பதின்மூன்று வருடம் கழித்து அதையே சீர்வரிசையாகத் திருப்பிக் கொடுப்பவனுக்கு நன்றி சொல்ல வேண்டுமாம்.

மூன்றாவது வாதத்தில் மட்டும் நியாயம் உண்டு. யு.சி.எல்.ஏ. விளையாட்டுத் துறை பெரிய பற்றாக்குறையில் இருந்தது, டி.வி. பணம் இல்லையென்றால் நீச்சல், வாலிபால் போன்ற சின்ன விளையாட்டுகளுக்குக் கத்தி விழுந்திருக்கும். சரி. ஆனால் அந்த வாலிபால் பெண்களும் இப்போது நியூ ஜெர்சி வரை பறந்து ஆடிவிட்டு, திரும்பி வந்து வகுப்பில் உட்கார வேண்டும். ஃபுட்பாலை மட்டும் தனி லீக்காக விற்றுக்கொண்டு, மற்ற விளையாட்டுகளைப் பழையபடி பக்கத்து ஊர்களோடு ஆட விட்டிருக்கலாமே? எந்தச் சட்டம் தடுத்தது?

செய்யக்கூடியது

2021 ஏப்ரல் 18 அன்று ஐரோப்பாவின் 12 பணக்காரக் கால்பந்து கிளப்புகள் 'சூப்பர் லீக்' என்று தனிக்கடை போட்டன. இங்கிலாந்து ரசிகர்கள் தெருவுக்கு வந்தார்கள். இரண்டே நாளில் ஆறு இங்கிலாந்து கிளப்புகளும் பின்வாங்கின. அதோடு நிற்கவில்லை. 2025-ல் அந்த நாட்டில் சட்டமே வந்தது. கிளப்புகள் இப்படி உடைத்துக்கொண்டு போவதைத் தடுக்கத் தனிக் கண்காணிப்பு அமைப்பு வந்தது. அமெரிக்காவில் நடந்ததும் அதே சூப்பர் லீக்தான். ஒரே ராத்திரியில் செய்யாமல் தவணை முறையில் செய்தார்கள், அதனால் கூச்சல் எழவில்லை. ஒவ்வொரு தவணையிலும் ஒரு சில ஊர்தான் அழுதது. மற்ற ஊர்கள் தங்கள் டீம் பணக்காரத் தெருவுக்குக் குடிபோவதாக நினைத்துப் பூரித்தன.

இந்தப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை மாநில அரசுகளின் சொத்து. அந்த உரிமையில் மாநிலச் சட்டமன்றங்கள் இரண்டே நிபந்தனை போட்டால் போதும். ஒன்று, எந்த லீக்குக்குப் போனாலும் பக்கத்துப் பங்காளியோடு வருடாந்திர ஆட்டம் அதே நாளில், அதே மதிப்போடு நடக்க வேண்டும். இரண்டு, லீக் மாறுவதற்கு முன் சீசன் டிக்கெட் வாங்கியவர்களும் மாணவர்களும் ஓட்டுப் போட வேண்டும். இது பெரிய புரட்சி எதுவும் இல்லை. கூட்டுப் பட்டா நிலத்தை விற்கப் போகிறவனிடம் எந்தச் சார்பதிவாளரும் கேட்கிற கேள்விதான்: மற்றப் பங்காளிகள் கையெழுத்து எங்கே?