குற்றவாளிக் கூண்டில் நோபிட்டா

கார்ட்டூன் படங்கள் நம் பிள்ளைகளைக் கெடுக்கின்றன என்னும் குரல் இன்று மேடைதோறும் ஒலிக்கிறது. அவ்வாறு பேசுவோர் வாயில் அடிக்கடி அகப்படும் பெயர் 'டோரேமான்'. ஜப்பானில் பிறந்த அந்த நீலநிறப் பூனை இயந்திரமும், அதன் தோழனான நோபிட்டா என்னும் சிறுவனும் தமிழ் பேசிக்கொண்டு நம் வீட்டுக் கூடங்களுக்குள்ளும் வந்துவிட்டார்கள். அவர்களை வெளியேற்றிவிட்டால் பிள்ளைகள் திருந்திவிடுவார்கள் என்று நம்மவரில் பலர் உறுதியாக எண்ணுகிறார்கள். அவ்வெண்ணம் தவறு என்பது நம் துணிபு.

இந்த வழக்கு நம்மிடம் தொடங்கியதன்று. 2013ஆம் ஆண்டில் பங்களாதேஷ் அரசு, இந்தியில் ஒளிபரப்பான டோரேமானைத் தடை செய்தது. பிள்ளைகள் வங்கமொழியை விட்டு இந்தி பேசத் தலைப்பட்டனர் என்பது அதற்குக் கூறப்பட்ட காரணம். 2016இல் பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணச் சட்டமன்றத்திலும் தடை கோரித் தீர்மானம் ஒன்று கொடுக்கப்பட்டது. தாய்மொழியைப் பற்றிய கவலை நியாயமானது; அதை நாம் குறை கூறவில்லை. ஆனால் நம்மிடையே எழும் குற்றச்சாட்டுகள் வேறு. நோபிட்டா சோம்பேறி, பெற்றோரிடம் உண்மையை மறைப்பவன், உழைக்காமல் கருவிகளைக் கொண்டு காரியம் சாதிக்கப் பார்ப்பவன். ஆகவே அவனைப் பார்க்கும் பிள்ளையும் அவனைப் போலவே ஆகும் என்கிறார்கள்.

குற்றம் சாட்டுவோரை நாம் ஒன்று கேட்கிறோம்: இக்கதைகளில் ஒன்றையேனும் தொடக்கம் முதல் முடிவு வரை அமர்ந்து பார்த்ததுண்டா?

'ஃபுஜிகோ எஃப். ஃபுஜியோ' என்னும் புனைபெயர் பூண்ட ஹிரோஷி ஃபுஜிமோட்டோ, 1969ஆம் ஆண்டின் இறுதியில் சிறுவர் இதழ்களில் இச்சித்திரக் கதையைத் தொடங்கினார். 1973இலும், பின்னர் 1979இலும் அது தொலைக்காட்சிக்கு வந்தது. 1996இல் அவர் மறைந்த பின்னும் கதை நிற்கவில்லை. கதையின் நாயகன் டோக்கியோ நகரத்து ஆரம்பப் பள்ளி மாணவன். கணக்கில் பூஜ்யம் வாங்குகிறான். நேரம் தவறி வந்தால் ஆசிரியர் அவனை வகுப்புக்கு வெளியே நிறுத்திவைக்கிறார். மாலையில் விளையாடப் போனால் ஜியான் என்னும் முரடன் அடிக்கிறான். சூனியோ என்னும் செல்வர் வீட்டுப் பிள்ளை தன் புதுப் பொருள்களைக் காட்டி ஏங்க வைக்கிறான். வீடு திரும்பினால் வசைமாரியுடன் தாய் காத்திருக்கிறாள். இவன் பட்ட கடன் தம் தலைமுறை வரை தொடர்வதைக் கண்ட கொள்ளுப் பேரனின் மகன், 22ஆம் நூற்றாண்டிலிருந்து ஒரு பூனை இயந்திரத்தை அவனுக்குத் துணையாக அனுப்புகிறான். இதுவே கதையின் அடிப்படை.

கருவிகளைப் பற்றிய குற்றச்சாட்டை முதலில் எடுத்துக்கொள்வோம். தேர்வுக்குப் படிக்காத நோபிட்டாவுக்கு டோரேமான் ஒரு வகை ரொட்டித் துண்டுகளைத் தருகிறது. பாடப் புத்தகத்தின் பக்கத்தில் ரொட்டியை அழுத்தித் தின்றால் அப்பக்கம் முழுவதும் மனத்தில் பதிந்துவிடும். நோபிட்டா அளவின்றித் தின்கிறான், வயிறு கெட்டுப்போகிறது, தின்றதோடு படித்ததும் வெளியேறிவிடுகிறது. குறுக்கு வழியின் கேட்டை இதைவிடத் தெளிவாக ஒரு சிறுபிள்ளைக்கு எவ்வாறு உணர்த்துவது? கருவியைத் தன்னலத்துக்குப் பயன்படுத்திய நோபிட்டா அதன் பலனைத் தானே அனுபவிப்பதில்தான் பெரும்பாலான கதைகள் முடிகின்றன.

1974இல் வெளிவந்த மற்றொரு கதையில் டோரேமான் பிரிந்து செல்ல வேண்டிய நிலை வருகிறது. தன்னை எண்ணி அது கவலையுடன் போகக் கூடாது என்பதற்காக, நோபிட்டா துணையின்றி அந்த முரடனோடு மோதுகிறான். அடிமேல் அடி விழுந்தும் அவன் விடுவதாயில்லை. இறுதியில் முரடனே சலித்து ஒதுங்குகிறான். கருவியை நம்பி வாழக் கற்பிக்கும் கதை இவ்வாறு முடியுமா?

இனிச் சோம்பலும் பொய்யும். நோபிட்டா பூஜ்யம் வாங்கிய தேர்வுத் தாளை ஒளித்துவைக்கிறான் என்பது உண்மையே. ஏன் ஒளிக்கிறான்? இவ்வினாவுக்கு விடைகாண நாம் ஜப்பானுக்குப் போக வேண்டியதில்லை. தூனிஸில் பிறந்த பேரறிஞர் இப்னு கல்தூன் 1377இல் எழுதிய 'முகத்திமா'வில், மாணவரிடம் கடுமை காட்டுவதன் தீங்கை ஆராய ஒரு தனிப் பகுதியையே ஒதுக்கியிருக்கிறார். அடக்குமுறையில் வளரும் பிள்ளையின் உள்ளம் சுருங்குகிறது, ஊக்கம் அழிகிறது, அது சோம்பலுக்கு ஆளாகிறது, தண்டனைக்கு அஞ்சிப் பொய்யும் வஞ்சகமும் பழகுகிறது, நாளடைவில் அதுவே அதன் இயல்பாகிவிடுகிறது என்பது அவருடைய முடிவு. நோபிட்டாவின் மேல் நாம் சுமத்தும் அதே இரண்டு குற்றங்களை, ஆறு நூற்றாண்டுகளுக்கு முன்பே அவர் ஆசிரியரின் கணக்கிலும் பெற்றோரின் கணக்கிலும் எழுதிவிட்டார். அவர் நூலை மத்ரஸாக்களில் பெருமையோடு பேசுகிறோம். அப்பகுதியை மட்டும் ஏன் கடந்துபோகிறோம்?

நம் வீடுகளைச் சற்று எண்ணிப் பாருங்கள். மதிப்பெண் பட்டியல் வரும் நாளில் எத்தனை வீடுகளில் பிள்ளை வாசலிலேயே தயங்கி நிற்கிறது? பக்கத்து வீட்டுப் பிள்ளையோடும் பெரியம்மா மகனோடும் ஒப்பிட்டுப் பேசாத உம்மா எத்தனை பேர்? காலையில் மக்தபு, பகலில் பள்ளிக்கூடம், மாலையில் டியூஷன், இரவில் வீட்டுப்பாடம் என்று ஓடிய பிள்ளை அரைமணி நேரம் நோபிட்டாவின் முன் அமர்கிறது. தன்னைப் போலவே திட்டு வாங்கும் ஒருவனை, தன்னைப் போலவே அடிபடும் ஒருவனை அங்கே காண்கிறது. பூஜ்யம் வாங்கியவனையும் கைவிடாத ஒரு தோழன் இருக்கக் கூடும் என்று அதன் மனம் ஆறுதல் கொள்கிறது. அந்த ஆறுதல் வீட்டிலேயே கிடைத்திருந்தால் பிள்ளை அதைப் பெட்டியில் தேடியிருக்குமா?

இக்கதைகள் பெரியவர்களை அவமதிக்கின்றன என்போருக்கும் ஒரு சொல். இறந்துபோன பாட்டியைக் காண நோபிட்டா காலயந்திரத்தில் ஏறிப் பழைய நாள்களுக்குச் செல்லும் கதை ஒன்று உண்டு. வளர்ந்துவிட்ட பேரனைப் பாட்டி ஐயமின்றி அடையாளம் கண்டுகொள்கிறாள்; அவனை நம்புகிறாள். வேறொரு கதையில், குடித்துவிட்டு வந்த தந்தையையே அவர்கள் அந்தப் பாட்டியிடம் அழைத்துச் செல்கிறார்கள். வேலையிடத்துத் துன்பத்தைச் சொல்லித் தாய்மடியில் அழும் தந்தையைக் கண்ட பிள்ளை, பெரியவர்களுக்குச் சாய்ந்துகொள்ள ஆளில்லையே என்று இரங்குகிறது. பெற்றோரிடத்தில் இரக்கத்தை வளர்க்கும் இக்காட்சியையா அவமதிப்பு என்பது?

பள்ளியைப் பற்றியும் பேசியாக வேண்டும். ஜப்பானில் 1947ஆம் ஆண்டின் பள்ளிக் கல்விச் சட்டமே ஆசிரியர் அடிப்பதைத் தடுத்தது. 2020 முதல் பெற்றோர் அடிப்பதையும் அந்நாட்டுச் சட்டம் விலக்கியிருக்கிறது. நம் நாட்டில் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில் உடலை வருத்தும் தண்டனையையும் மனத்தை வருத்தும் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. 2012இல் வந்த திருத்தத்தின்படி மத்ரஸாக்களும் வேத பாடசாலைகளும் அச்சட்டத்தின் எல்லைக்கு வெளியே வைக்கப்பட்டன. இதைப் பிரம்புக்குக் கிடைத்த அனுமதிச் சீட்டாக எவரேனும் கொள்வாராயின், அவர் ஓதிக்கொடுக்கும் தகுதியை அன்றே இழந்துவிட்டார் என்போம். அனஸ் (ரலி) அவர்கள் சிறுவயது முதல் பத்தாண்டுகள் பெருமானார் (ஸல்) அவர்களுக்குப் பணிவிடை செய்தார்கள். அக்காலம் முழுவதும் தம்மை அவர்கள் 'சீ' என்றுகூடச் சொன்னதில்லை என்பது அன்னாரின் சாட்சியம். அந்த முன்மாதிரியை மிம்பரில் கூறிவிட்டு, வகுப்பில் பிரம்பை ஓங்குவது எந்த வகை நேர்மை?

நாள் முழுவதும் தொலைக்காட்சியின் முன் பிள்ளையை விட்டுவிட வேண்டும் என்று நாம் வாதிடவில்லை. பார்வைக்கும் படிப்புக்கும் உறக்கத்துக்கும் அது கேடு. நேர வரம்பு வேண்டும். அதை விதிக்க வேண்டியவர் பெற்றோரே. நோபிட்டா செய்வதைப் பார்த்து ஒரு பிள்ளை குறும்பு செய்யவும் கூடும். உடனிருக்கும் பெரியவர் எடுத்துச் சொன்னால் அது திருந்திவிடும். ஆனால் சோறூட்டும் வேளையில் பிள்ளையை அடக்கப் பெட்டியைத் திறந்துவிடுவதும், மதிப்பெண் குறைந்த வேளையில் அதே பெட்டியின் மேல் பழி போடுவதும் ஒருசேரப் பொருந்துமா?

ஆகவே பெற்றோரே, தடை கேட்டு மனு எழுதுமுன் ஒரு மாலைப்பொழுதில் பிள்ளையோடு அமர்ந்து இப்படத்தைப் பாருங்கள். நோபிட்டாவுக்கு வரும் துன்பங்களில் எது உனக்கும் வருகிறது என்று கேளுங்கள். பள்ளியில் எவன் அடிக்கிறான், எந்த ஆசிரியருக்கு அஞ்சுகிறாய், எந்தத் தேர்வுத் தாளை எங்களிடம் காட்டவில்லை என்பனவெல்லாம் அப்போது வெளிவரும். வெளிவரும்போது கையை ஓங்காதீர்கள். அந்த ஒரு மாலையில் நீங்கள் எவ்வாறு நடந்துகொள்கிறீர்கள் என்பதைப் பார்த்தே, அடுத்த தாளை உங்களிடம் கொண்டுவருவதா, ஒளித்துவைப்பதா என்று உங்கள் பிள்ளை முடிவு செய்யும்.