முட்டையைப் பூட்டி வைப்போர்

உறையூருக்குக் 'கோழி' என்றொரு பெயர் இருந்ததை ஆண்டுதோறும் வகுப்பறையில் சொல்கிறோம். முருகனின் கொடியில் இருப்பது சேவல் என்கிறோம். தாம் ஆண்ட உவமையாலேயே குப்பைக்கோழியார் எனப் பெயர் பெற்ற புலவரைக் குறுந்தொகையில் அறிமுகம் செய்கிறோம். அந்தக் கோழியின் வழிவந்தவை இன்று யார் வீட்டு முற்றத்தில் மேய்கின்றன என்று ஒரு மாணவன் எழுந்து கேட்டால், விடை சொல்ல நம்மால் ஆகாது.

சிறுவிடை, பெருவிடை, கிளிமூக்கு ஆகியவற்றைக் காப்பதாகச் சொல்வோர் அண்மைக் காலத்தில் பெருகியிருக்கிறார்கள். நமது வழக்கு கோழியைக் கறியாக மட்டும் அறிந்தவர்களோடு அல்ல, இந்தக் காவலர்களோடுதான். அசல் வம்சம் வைத்திருப்பதாகப் பெருமை பேசும் ஒருவர் சேவலை நல்ல விலைக்கு விற்பார். பெட்டையைத் தரமாட்டார். அடைக்கு வைக்க முட்டை கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். இதற்குப் பெயர் பாதுகாப்பாம். பதுக்கல் என்பதே பொருந்தும் சொல்.

கைமாறினால் வம்சத்தின் தூய்மை கெட்டுவிடும் என்பது அவர்கள் முன்வைக்கும் முதல் வாதம். கணக்கைப் பார்ப்போம். இனப்பெருக்கத்தில் பங்குகொள்ளும் சேவல்களின் எண்ணிக்கையையும் பெட்டைகளின் எண்ணிக்கையையும் பெருக்கி, அதை நான்கால் பெருக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் ஒரு கூட்டத்தின் மெய்யான மரபளவு கிட்டும். மரபியலாளர் சூவல் ரைட் வகுத்த சூத்திரம் இது. 1 சேவலும் 10 பெட்டைகளும் உள்ள முற்றத்தின் மரபளவு 3.6 மட்டுமே. கண்ணுக்குத் தெரிபவை பதினொன்று, மரபுக் கணக்கிலோ நான்குகூட இல்லை. தலைமுறைக்கு ஏறத்தாழ 14 விழுக்காடு உட்கலப்பு ஏறும். அதே 10 பெட்டைகளுக்கு 5 சேவல்கள் பங்களித்தால் மரபளவு 13ஐத் தாண்டும், உட்கலப்பு 4 விழுக்காட்டுக்குள் அடங்கும். அந்த நான்கு சேவல்கள் எங்கிருந்து வரும்? முன்பு முட்டை வாங்கிச் சென்றவர் வீட்டிலிருந்துதான் வரவேண்டும். கொடாதவனுக்குத் திரும்பி வர ஏதுமில்லை. கரு கூடாத முட்டையும் ஓட்டுக்குள்ளேயே மடியும் குஞ்சுமே அவன் தூய்மைக்குக் கிடைக்கும் பரிசு.

அசிலை அயலான் கொண்டுபோய்த்தானே பிராய்லர் செய்தான் என்பது இரண்டாவது வாதம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கார்ன்வாலில் உருவான கார்னிஷ் இனத்தில் அசிலின் இரத்தம் உண்டு, இன்றைய பிராய்லரின் தந்தை வழியில் கார்னிஷ் உண்டு என்பன உண்மையே. ஆயினும் கொடுத்ததால் நம் முற்றத்துச் சேவல் எதை இழந்தது? அவன் வாங்கிச் சென்றதைப் பெருக்கிக் குறித்து வைத்தான். நாம் வைத்திருந்ததைக் குறிக்காமலும் பகிராமலும் தேய விட்டோம். பழியை அவன் தலையில் இறக்கி வைப்பது எளிது.

முட்டை அனுப்பினால் பொரிப்பதில்லை, வீண் சண்டைதான் மிஞ்சும் என்பது மூன்றாவது வாதம். இதில் நியாயம் உண்டு. பேருந்தின் சரக்கறையில் ஓர் இரவு குலுங்கிய முட்டையில், அகன்ற முனையிலுள்ள காற்றறை பெயர்ந்துவிடக்கூடும். 20 டிகிரியைத் தாண்டிச் சில டிகிரி சென்றாலே கருவின் உறக்கம் கலைந்துவிடும், பிறகு சீரற்ற சூட்டில் அது மடியும். சித்திரை வெயிலில் பாதி பொரித்தாலே பேறு. கூமுட்டை கொடுத்தார் என்று வாங்கியவரும், இன்குபேட்டரைப் பார்த்துக்கொள்ளத் தெரியவில்லை என்று கொடுத்தவரும் தூற்றிக்கொள்கிறார்கள்.

இச்சண்டைக்கு மருந்து இல்லாமல் இல்லை. இட்ட தேதியைப் பென்சிலால் முட்டையிலேயே எழுதலாம். ஏழு நாளுக்கு மேற்பட்டதை அனுப்பாதிருக்கலாம். முட்டையைக் கழுவாமல் உமியில் பொதிந்து, வெயில் தணிந்த மாதங்களில் அனுப்பலாம். பெற்றவர் கூரிய முனை கீழிருக்கும்படி ஒரு நாள் ஆற வைத்து, பிறகு அடைக்கு வைக்கலாம். ஏழாம் நாள் இருட்டில் டார்ச் விளக்கைப் பிடித்தால், ஒன்றுமே தெரியாத முட்டை எது, கரு கூடிய பின் மடிந்து இரத்த வளையமாய் நிற்பது எது என்று ஓரளவு புலப்படும், பழி யாருடையது என்பதும்தான். சேவலை மாற்றியவர் மூன்று வாரம் காத்திருந்தே புதிய சேவலின் பெயரில் முட்டை தரவேண்டும். பழைய சேவலின் விந்து பெட்டையின் உடலில் இரண்டு வாரம் வரை தங்கும் என்பதை மறைத்து விற்பது மோசடியே. சால்மோனெல்லா புல்லோரம் போன்ற நோய்கள் முட்டை வழியாகவே குஞ்சுக்குச் செல்லும் என்பதால், நோய் கண்ட கூட்டத்திலிருந்து முட்டை தராமையும் அறம். தருவதற்கான இந்த ஒழுங்குகளைத் தராமைக்கான சாக்காக்கிக் கொள்வதைத்தான் மறுக்கிறோம்.

இதைச் சொல்லும் தகுதி நமக்கு எவ்வாறு வந்தது என்பதையும் மறைக்க விரும்பவில்லை. எம் தாயார் திருமணமாகி வந்தபோது கொண்டுவந்த சிறுவிடையின் வழி எம் வீட்டில் இருந்தது. கருஞ்சிவப்பு உடல், பச்சை படர்ந்த கால். எம்மிடம் படித்த மாணவன் ஒருவன் ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டான்: "அம்மாகிட்ட ஒரு கோழி அடைக்கு உக்காந்திருக்குங்க ஐயா. பன்னண்டு முட்டை கொடுத்தீங்கன்னா வெச்சுப் பாப்போம்." அடுத்த ஈட்டில் பார்க்கலாம் என்றோம். முட்டை இல்லாமல் அல்ல, மனம் இல்லாமல். அவ்வாண்டு கோடையில் வெள்ளைக் கழிச்சல் வந்தது. தடுப்பூசி போடாதது எம் பிழை. ஐந்தே நாளில் இருபத்து மூன்றும் போயின. அந்தப் பன்னிரண்டைக் கொடுத்திருந்தால், அவன் வீட்டு வாசலில் போய்க் கை நீட்டியிருக்கலாம். தாயாரிடம் என்ன சொல்வதென்று தெரியாமல் கூண்டுக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தோம்.

கோழி முட்டையை உறைய வைத்துக் காக்க இயலாது. சேவலின் விந்தை உறைய வைத்தாலும், பெட்டைக்கே உரிய டபிள்யூ குரோமோசோம் அதில் இராது. எனவே உயிரோடு திரியும் கூட்டமே நமக்கு நூலகம். 2006இல் மராட்டியத்தின் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் கண்டபோது சுற்றுவட்டாரப் பறவைகள் யாவும் அழிக்கப்பட்டன. ஒரே இடத்தில் ஒரே கூட்டமாக இருக்கும் வம்சத்தை அத்தகைய ஒரே ஆணை முடித்துவிடும்.

உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் அச்சேற்ற முடிந்தது, பல இல்லங்களில் படிகள் எஞ்சியிருந்ததால். ஓர் ஏட்டில் செல்லரித்த வரியை இன்னோர் ஏடு தந்தது. படியெடுக்கக் கொடாத வீட்டு ஏடுகள் என்னவாயின என்பதை இலக்கிய வாசகர்க்கு நாம் சொல்லவேண்டியதில்லை.

ஆட்டையும் கோழியையும் வாரத்துக்கு விட்டு, ஈன்றதையும் பொரித்ததையும் பங்கிட்டுக்கொண்ட ஊர்கள் நம்முடையவை. விலை வேண்டாம், அடுத்த தலைமுறையில் ஒரு சேவலைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டு முட்டையைக் கொடுக்கட்டும் இந்தக் காவலர்கள். இயலாதெனில், காக்கிறோம் என்ற சொல்லையாவது கைவிடட்டும்.