யார் கள்ளத்தோணி?



காகிதம் இல்லாமல் பிழைக்க வந்தவனைக் குற்றவாளியைப்போல் ஏசுவது இன்று பல நாடுகளில் வழக்கமாகிவிட்டது. இந்த வசவை இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் நம் மக்கள் நெடுங்காலம் சுமந்தார்கள். அங்கே அதற்குப் பெயர் "கள்ளத்தோணி".

திருட்டுத்தனமாகத் தோணியில் வந்து இறங்கியவன் என்று அர்த்தமாம்! தோட்டத் தொழிலாளி அப்படியா போனான்? துரைமார்களுக்காகக் கங்காணி முன்பணம் கொடுத்து ஊர் ஊராக ஆள் பிடித்தான். இலங்கை சர்க்காரே நடத்திய மண்டபம் முகாமில் அடைத்துச் சோதித்து, பிறகுதான் கப்பலேற்றினார்கள். இதில் கள்ளம் எங்கே?

1947 தேர்தலில் தோட்டத் தொழிலாளர் வோட்டில் 7 பேர் நாடாளுமன்றம் போனார்கள். மறு வருஷமே குடியுரிமைச் சட்டம் வந்தது. தகப்பன் இலங்கையில் பிறந்ததற்கு, அல்லது பாட்டனும் பூட்டனும் பிறந்ததற்கு, அத்தாட்சி காட்டு என்றது. லயத்துக் காம்பராவில் பிறந்த பிள்ளைக்கு அத்தாட்சி எழுதி வைத்தது யார்? லட்சக்கணக்கானோர் நாடற்றவர் ஆனார்கள். 1964இல் சாஸ்திரியும் சிரிமாவோவும் ஒப்பந்தம் போட்டு இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர் என்று மந்தையைப்போல் பாகம் பிரித்தார்கள். மீதிப் பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாமாம்!

அந்தக் கணக்கில் இங்கே வந்த பெரியவர் ஒருவரைக் கோத்தகிரிப் பக்கம் சந்தித்தேன். சங்கக் கூட்டத்தில் பெஞ்சில் உட்காரமாட்டார், வாசலோரம் நிற்பார். கூலிப் பாக்கியைக் கேட்க வாருங்கள் ஐயா என்றால், "நாம கேக்கலாமா தம்பி? காயிதம் இல்லாம கெடந்த சனம்தானே" என்றார். எனக்கு நெஞ்சு கொதித்தது. வோட்டைப் பறித்த சட்டம் மனிதனின் முதுகெலும்பையும் அல்லவா பறித்திருக்கிறது! தன்னையே கள்ளன் என்று நம்புகிறவன் கூலி கேட்பானா? தோட்ட முதலாளிக்கு இதைவிட லாபம் வேறென்ன வேண்டும்?

சட்டத்தின் கதையை அவருக்கு விளக்கினேன். 2003இல் இலங்கை நாடாளுமன்றமே சட்டம் செய்து, அங்கே எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குக் குடியுரிமை கொடுத்ததையும் சொன்னேன். நெடுநேரம் பேசாமலிருந்து, "அப்படின்னா எங்கப்பாவும் கள்ளத்தோணி இல்லையா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

நம்மிடமும் குற்றம் உண்டு. அங்கே கள்ளத்தோணி என்றார்கள், இங்கே நாம் "ஏய் சிலோன்!" என்கிறோம். வேடிக்கையாக நானும் கூப்பிட்டிருக்கிறேன். அவர்களுக்குத் தகப்பன் வைத்த பெயர் இருக்கிறது. சங்கத்தில் இனி அந்தப் பெயரைச் சொல்லியே கூப்பிட வேண்டும். பெஞ்சில் இடமும் விட வேண்டும்.