முதுமைக்கு மலேசியாவா, தேவாரமா?

பென்ஷன்காரர்கள் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு

தேவாரத்துக்கு மேற்கே ஏலமலை. தேவாரம், போடி, கம்பம் பகுதி மக்கள் காலையில் ஜீப் ஏறி மலைக்குப் போவார்கள். கேரள எல்லைக்குள் இருக்கும் ஏலத் தோட்டங்களில் வேலை செய்வார்கள். பொழுது சாய்வதற்குள் ஊர் திரும்புவார்கள். பிழைக்கும் இடம் ஒன்று. குடியிருக்கும் இடம் வேறு. இது அவர்களுக்குப் பழகிப் போன வாழ்க்கை.

இப்போது பிழைக்கும் இடம் கடல் கடந்தும் போய் விட்டது. பிள்ளைகள் மலேசியா, சிங்கப்பூர், துபாய் என்று வேலை பார்க்கிறார்கள். "ஊரில் தனியாக எதற்கு? இங்கேயே வந்து விடுங்கள்" என்று பெற்றோரை அழைக்கிறார்கள். அங்கே உள்ள அகலமான சாலைகளையும் அடுக்கு மாடி வீடுகளையும் பார்த்து வந்த பெரியவர்களுக்கும் ஆசை பிறக்கிறது. வீட்டையும் தோட்டத்தையும் விற்று விட்டுப் போய் விடலாமா என்று யோசிக்கிறார்கள்.

போகலாமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

வளர்ச்சி யாருக்கு?

வேகமாக வளரும் நாட்டில் சம்பளம் ஏறும். கூடவே வீட்டு வாடகை ஏறும். வைத்தியச் செலவு ஏறும். உழைப்பவர் இதைச் சமாளித்து விடுவார். விலை ஏறும்போது அவருடைய சம்பளமும் ஏறுகிறது.

பென்ஷன்காரர் கதை வேறு. அவருடைய பணம் இந்தியாவில் இருந்து வருகிறது. அகவிலைப்படி இந்திய விலைவாசியைப் பார்த்துத்தான் ஏறும். கோலாலம்பூர் கடை விலையைப் பார்த்து ஏறாது.

ரூபாயின் மதிப்பையும் பார்க்க வேண்டும். 2005-ம் ஆண்டில் ஒரு மலேசிய வெள்ளியின் விலை சுமார் 11½ ரூபாய். 2024-ம் ஆண்டுக் கடைசியில் சுமார் 19 ரூபாய். அதாவது, 23 ஆயிரம் ரூபாயை மாற்றினால் அன்று 2 ஆயிரம் வெள்ளி கிடைத்தது. 2024-ல் அதே பணத்துக்குக் கிடைத்தது சுமார் 1,200 வெள்ளிதான். பென்ஷன் உயர்ந்தாலும், உயர்ந்ததில் ஒரு பங்கை நாணய மாற்று தின்று விடுகிறது.

மாறும் சட்டம்

அடுத்தது விசா. வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்குவதற்காக, "மலேசியா எனது இரண்டாவது இல்லம்" என்ற திட்டத்தை மலேசியா 2002-ல் கொண்டு வந்தது. மாதம் 10 ஆயிரம் வெள்ளி வருமானம் காட்ட வேண்டும் என்பது முன்பு இருந்த விதி. 2021-ல் அது 40 ஆயிரம் வெள்ளி ஆனது! 2024-ல் விதிகள் மறுபடியும் மாறின. மூன்று முக்கியப் பிரிவுகள் வந்தன. அவற்றில் கீழ்ப் பிரிவுக்கே 1½ லட்சம் அமெரிக்க டாலர் டெபாசிட் கட்ட வேண்டும். 6 லட்சம் வெள்ளிக்குக் குறையாமல் வீடும் வாங்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால் 2 கோடி ரூபாயைத் தாண்டும். கிடைக்கும் அனுமதியோ 5 ஆண்டுக்குத்தான். பிறகு புதுப்பிக்க வேண்டும்.

துபாயில் 55 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஓய்வுக் கால விசா உண்டு. அதுவும் 5 ஆண்டுக்குத்தான். சொத்தோ, சேமிப்போ, நல்ல மாத வருமானமோ காட்ட வேண்டும்.

வியட்நாம் வேகமாக வளரும் நாடு. செலவும் குறைவு. ஆனால், ஓய்வு பெற்றவர்களுக்கு என்று அங்கே தனி விசா கிடையாது. 2023-ல் வந்த விதிப்படி, இணையம் மூலம் வாங்கும் விசாவில் ஒரு முறைக்கு 90 நாள்தான் தங்கலாம்.

பர்மா தந்த பாடம்

ஒரு காலத்தில் தமிழர்களின் கனவு நாடு பர்மா. இரண்டாம் உலகப் போருக்கு முன், உலகிலேயே அதிகமாக அரிசி ஏற்றுமதி செய்த நாடு அது. 1962-ல் அங்கே ராணுவ ஆட்சி வந்தது. கடைகளும் தொழில்களும் அரசுடைமை ஆயின. 1964 முதல் லட்சக்கணக்கான இந்தியர்கள் வெளியேறினார்கள். பாடுபட்டுச் சேர்த்ததைப் பலரால் கொண்டு வர முடியவில்லை. சென்னை பர்மா பஜார் அப்படித் திரும்பி வந்தவர்கள் பிழைப்புக்காகக் கடை போட்ட இடம்.

மலேசியாவிலும் ஒரு சோதனை வந்தது. குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பெர்மிட் வாங்க வேண்டும் என்று 1968-ல் சட்டம் போட்டார்கள். ஆண்டுக் கணக்கில் தோட்டங்களில் உழைத்த பல ஆயிரம் தமிழர்கள் கப்பல் ஏறித் திரும்பினார்கள். குடியுரிமை பெற்றவர்கள் நிலைத்தார்கள்.

இன்று அப்படி நடக்கும் என்பது இல்லை. ஆனால், நாடு வளர்வது வேறு. அந்த நாட்டில் நமக்கு உரிமை இருப்பது வேறு. இதை மறக்கக் கூடாது.

ஊரில் என்ன உண்டு?

மலேசியாவில் நல்லதும் உண்டு. தமிழ் பேச ஆள் உண்டு. 500-க்கு மேல் தமிழ்ப் பள்ளிகள் உண்டு. பத்துமலையில் தைப்பூசம் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாகப் பேரன், பேத்தி முகம் உண்டு. தேவாரத்தில் தனியாக இருக்கும் தாத்தா, பாட்டிக்கு இது சிறிய காரியம் அல்ல.

தேவாரத்தில் குறையும் உண்டு. பெரிய நோய் என்றால் தேனி கானாவிலக்கு அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கோ, மதுரைக்கோ ஓட வேண்டும். ஆனால், நோய் வந்தால் உடன் வர அக்கம் பக்கத்தார் இருக்கிறார்கள். மீட்டர்கேஜ் பாதையை அகலப் பாதையாக மாற்றுவதற்காக மூடிய போடி ரயில் 2023 ஜூனில் திரும்பி வந்தது. சென்னைக்கே நேராக ரயில் போகிறது.

விற்கும் முன்...

முக்கியமான சட்டம் ஒன்று உண்டு. வெளிநாட்டில் குடியேறிய இந்தியர், இந்தியாவில் விவசாய நிலமோ தோட்டமோ புதிதாக வாங்க முடியாது. முன்பே இருப்பதை வைத்துக் கொள்ளலாம். ஆகவே, ஆசையில் தோட்டத்தை விற்று விட்டுப் போனால், அங்கே குடியிருக்கும் வரை மறு தோட்டம் வாங்க வழி இல்லை.

எனவே, முதலில் விருந்தாளியாகப் போய்ச் சில வாரம் இருந்து பார்ப்பது நல்லது. இங்கே எடுத்த மருத்துவ இன்சூரன்ஸ் அங்கே செல்லுமா என்று கேட்க வேண்டும். பென்ஷன் நிற்காமல் இருக்க, ஆண்டுதோறும் உயிர்ச் சான்று கொடுக்க வேண்டும். மகன் வேலை மாறினால் தங்கள் விசா என்ன ஆகும் என்பதையும் தெரிந்து கொள்ள வேண்டும்.

பேரப் பிள்ளைகளோடு இருக்கப் போகிறவர்கள் சந்தோஷமாகப் போகட்டும். தேவாரத்து வீட்டுச் சாவி மட்டும் அவர்கள் கையிலேயே இருக்கட்டும்.